காண்டாக்ட் சாம்ப்ளர்: மெமரியும் அவுட்புட்டும் (கேள்வி பதில்)

பதிவு செய்த வாத்திய ஒலித் துண்டுகளை (சாம்பிள்களை) கீபோர்டில் வாசிக்கவைக்கும் மென்பொருள்தான் காண்டாக்ட். பாம்பன் முதல் தொண்டி வரை, சர்ச் பாட்டுக்குழுவுக்கும் திருவிழா மேடைக்கும் வீட்டிலிருந்தே இசை அமைப்பவர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. புது லேப்டாப்புக்குப் பணம் புரட்டும் முன் படித்துவிடுங்கள்.

தங்கச்சிமடம்: அண்ணே, வயலின் கூட்டம், பியானோ, புல்லாங்குழல் மூன்றையும் ஏற்றினாலே 8 ஜிபி லேப்டாப் திணறுகிறது. ரேம் கூட்டினால்தான் ஆகுமா?

இப்போதைக்கு வேண்டாம் தம்பி. 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் ஸ்டீரியோவில் ஒரு நிமிட ஒலிக்கே சுமார் 17 எம்பி ஆகும். நல்ல பியானோவில் ஒவ்வொரு கட்டைக்கும் மெதுவாக ஒன்று, ஓங்கி ஒன்று என்று ஆயிரக்கணக்கில் சாம்பிள்கள் இருக்கும். காண்டாக்ட் அத்தனையையும் முழுசாக ரேமில் வைப்பதில்லை. ஒவ்வொரு சாம்பிளின் ஆரம்பத் துண்டை மட்டும் ரேமில் வைத்துக்கொண்டு, மீதியை வாசிக்கும்போது டிஸ்க்கிலிருந்து எடுக்கும். அந்தத் துண்டுதான் ப்ரீலோட் பஃபர். ஒரு சாம்பிளுக்கு 60 கேபி என்று வைத்தால், 10,000 சாம்பிளுக்கு 600 எம்பி. 12 கேபி ஆக்கினால் 120 எம்பிதான். ஆப்ஷன்ஸில் மெமரி பக்கத்தில் எல்லா வாத்தியத்துக்கும் சேர்த்தே மாற்றலாம். சாம்பிள்கள் எஸ்எஸ்டியில் இருந்தால் தைரியமாகக் குறையுங்கள். பழைய ஹார்ட் டிஸ்க்கில் குறைத்தால் ஒலி விட்டுவிட்டு வரும்.

இதைவிடப் பெரிய மிச்சம் பர்ஜ் மெனுவில் இருக்கிறது. அதில் முதலில் ரீசெட் மார்க்கர்ஸ் கொடுங்கள். அப்புறம் பாட்டை முதலிலிருந்து கடைசி வரை ஓடவிடுங்கள், நடுவில் தாண்டக் கூடாது. முடிந்ததும் அப்டேட் சாம்பிள் பூல். பாட்டில் ஒலிக்காத சாம்பிள் எல்லாம் ரேமை விட்டு இறங்கிவிடும். ஒரு கீர்த்தனைக்குப் பியானோவின் 88 கட்டையும் தேவைப்படுவதில்லையே! பின்னால் புது ஸ்வரம் சேர்த்தால் முதல் தடவை அது ஒலிக்காமல் போகலாம், ஒருமுறை ஓடவிட்டால் வந்துவிடும். அதனால் மேடையில் நேரடியாக வாசிக்கும் வாத்தியத்தில் மட்டும் பர்ஜ் செய்யாதீர்கள்.

கீழக்கரை: தம்பி, வெளி டிரைவில் வைத்த சாம்பிள்களைக் காணவில்லை என்று அடிக்கடி கேட்கிறது. டிரைவ் கெட்டுவிட்டதா?

காக்கா, விண்டோஸில் யுஎஸ்பி வாய் மாறினால் டிரைவின் எழுத்து மாறிவிடலாம். டிஸ்க் மேனேஜ்மென்டில் ஓர் எழுத்தை நிலையாகக் கொடுத்துவிடுங்கள். வாசிக்கும்போதே அறுந்தால் வயர் முனையைப் பாருங்கள். நம் உப்புக்காற்றில் அது சீக்கிரம் களிம்பு பிடிக்கும்.

தேவிபட்டினம்: நாதஸ்வரம், தவில், தம்புரா மூன்றும் ஒரே ட்ராக்கில் கலந்து வருகின்றன. நாதஸ்வரத்தை வாசித்தால் தம்புராவும் சேர்ந்து ஒலிக்கிறது.

இதில் இரண்டு சிக்கல். சேர்ந்து ஒலிப்பதற்குக் காரணம் மிடி சேனல், அதாவது எந்தக் கட்டையை அழுத்தினீர்கள் என்ற தகவல் வாத்தியத்துக்குப் போகும் வழி. நாதஸ்வரத்துக்கு 1, தவிலுக்கு 2, தம்புராவுக்கு 3 என்று பிரித்துவிடுங்கள்.

கலந்து வருவது அவுட்புட் விவகாரம். காண்டாக்டின் அவுட்புட் பகுதியில் மூன்று ஸ்டீரியோ சேனல்கள் சேர்த்து, 1-2, 3-4, 5-6 என்று வரிசையாக விடுங்கள். ஒவ்வொரு வாத்தியத்தின் தலைப்பிலும் அதன் அவுட்புட்டைத் தேர்ந்தெடுங்கள். இந்த அமைப்பை டீஃபால்ட்டாகச் சேமித்து, பிளக்-இன்னை (பதிவு மென்பொருளுக்குள் ஓடும் காண்டாக்டை) எடுத்துவிட்டு மறுபடி போடுங்கள். பலர் இந்தப் படியை விட்டுவிட்டு, சேனல் வரவில்லை என்று தவிக்கிறார்கள். ரீப்பர் என்ற பதிவு மென்பொருளில் அந்த ட்ராக்கின் சேனல் எண்ணிக்கையை 2-லிருந்து 6 ஆக்கினால்தான் மற்ற இரண்டு ஜோடியும் வெளியே வரும். இவ்வளவு மெனக்கெடுவது தவிலுக்காகத்தான். தவிலின் அடியைக் கம்ப்ரஸரில் அடக்கும்போது நாதஸ்வரமும் கூடவே அமுங்கினால் மேளத்தின் உயிரே போய்விடும்.

தொண்டி: மேடையில் டிரம்ஸ் வாசிப்பவர் காதுக்கு மட்டும் தாளம் காட்டும் கிளிக் போக வேண்டும். நாலு அவுட்புட் உள்ள ஆடியோ இன்டர்ஃபேஸ் (லேப்டாப்பின் ஒலியை வெளியே எடுக்கும் பெட்டி) இல்லை.

ஹெட்போன் துளை போதும். பாட்டை மோனோவாக்கி முழுக்க இடப்பக்கம் தள்ளுங்கள், கிளிக்கை முழுக்க வலப்பக்கம். இரண்டாகப் பிரியும் வயரில் இடது மிக்ஸருக்கு, வலது டிரம்ஸ்காரரின் சின்ன ஹெட்போன் ஆம்ப்புக்கு.

மண்டபம்: அண்ணா, ப்ரீலோட் பஃபரைக் குறைத்தும் கட்டையை அழுத்தினால் ஒலி தாமதமாகத்தான் வருகிறது.

அது வேறு பஃபர் தங்கச்சி. தாமதத்தைத் தீர்மானிப்பது ஆடியோ டிரைவரின் பஃபர். 48 கிலோஹெர்ட்ஸில் அந்த பஃபர் அளவு 1024 என்றால் அதற்கே 21 மில்லி செகண்ட், 256 என்றால் 5 சொச்சம். ஆசியோ டிரைவர் (விண்டோஸில் தாமதத்தைக் குறைக்கும் ஆடியோ டிரைவர்) போட்டு, வாசித்துப் பதியும்போது 256, மிக்ஸ் செய்யும்போது 1024 என்று வையுங்கள்.