விக்டர் ஹ்யூகோவின் ‘லே மிசராப்ல்’ நாவலில், தண்டனை முடிந்த பிறகும் ஜான் வால்ஜானை ஏன் துரத்துகிறார்கள்?

அவர் சிறைக்குப் போகக் காரணமான ரொட்டித் திருட்டுக்காக அல்ல. அந்தக் கணக்கு 1815இல் விடுதலையானபோதே தீர்ந்துவிட்டது. போலீஸ் அதிகாரி ஜாவேர் துரத்துவது அதற்குப் பிறகு நடந்த இன்னொரு திருட்டுக்காக.

அடைக்கலம் தந்த ஆயர் வெள்ளிச் சாமான்களைக் கொடுத்து அனுப்பிய அன்று மாலையே, ழெர்வே என்ற பத்து வயதுப் பையனின் 40 சூ நாணயத்தைக் காலடியில் மிதித்துக்கொண்டு வால்ஜான் தரமாட்டார். பையன் அழுதுகொண்டே ஓடிவிடுவான். சில்லறைக் காசுதான். ஆனால் பழைய கைதி மறுபடி திருடினால் அன்றைய பிரெஞ்சுச் சட்டத்தில் ஆயுள் தண்டனை.

நீங்கள் படித்தது சுருக்கப் பதிப்பாக இருக்கும். இந்தக் காட்சியைப் பெரும்பாலும் அதில்தான் வெட்டுவார்கள். (வெட்டக் கூடாத இடம். அவர் உடைந்து அழுவதே இங்கேதான்!) முதல் பாகம், இரண்டாம் புத்தகம், 13ஆம் அத்தியாயம் உங்கள் பிரதியில் இருக்கிறதா பாருங்கள்.

அவர் சிறையில் இருந்த 19 வருடக் கணக்கும் அதே இரண்டாம் புத்தகத்தில் கிடைக்கும்: ரொட்டிக்கு 5, நான்கு முறை தப்ப முயன்றதற்கு 14.

ஒன்று, மேடை இசை நாடகத்தைப் பார்த்துவிட்டு ஒப்பிடாதீர்கள். அதில் பரோலை மீறியதுதான் காரணம், ழெர்வே கிடையாது.