ஆவணப் புகைப்படம்: கேளுங்கள், சொல்கிறேன்

ஒரே ஒரு படம் சமூகத்தை மாற்றிவிடும் என்கிறார்களே, உண்மையா?

படம் மட்டும் தனியாக மாற்றாது. புகைப்படக்காரர் லூயிஸ் ஹைனைப் பாருங்கள். ஆசிரியராக இருந்தவர், 1908 முதல் அமெரிக்கத் தேசியக் குழந்தைத் தொழிலாளர் குழுவுக்காகப் பஞ்சாலை, சுரங்கம், கண்ணாடித் தொழிற்சாலை என்று அலைந்தார். நேராகப் போனால் உள்ளே விடமாட்டார்கள் என்பதால் பைபிள் விற்பவராகக்கூட வேடம் போட்டார். தன் உடையின் பொத்தான்கள் தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கின்றன என்று முன்பே அளந்து வைத்திருப்பார். தறி அருகே நிற்கும் சிறுமியின் தலை எந்தப் பொத்தானுக்கு வருகிறது என்று பார்த்தால் அவள் உயரம் தெரிந்துவிடும். பைக்குள் கையை விட்டபடியே குறித்துக்கொள்வார். வயது, வேலை நேரம், கூலி எல்லாம் படக்குறிப்பில் ஏறும். குழு அவற்றைக் கண்காட்சிகளிலும் துண்டறிக்கைகளிலும் போட்டுக்கொண்டே இருந்தது.

1916இல் குழந்தைத் தொழிலைக் கட்டுப்படுத்தும் சட்டம் வந்தது, 1918இல் உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. நிலைத்து நின்ற சட்டம் வர 1938 ஆயிற்று. படம், குறிப்பு, விடாமல் அலைந்த ஓர் அமைப்பு, முப்பது வருடம். இதில் ஒன்றைக் கழித்தாலும் கணக்கு உதைக்கும்.

எந்த கேமரா வாங்கலாம்?

கையில் இருப்பது போதும்.

ஆவணப் படத்தை ரசிப்பது எப்படி?

நெஞ்சை உலுக்குகிறதா என்று மட்டும் பார்க்காதீர்கள். கைகள் என்ன செய்கின்றன, விளிம்பில் யார் வெட்டுப்பட்டிருக்கிறார், எடுத்தவர் எங்கே நிற்கிறார் என்று பாருங்கள். அப்புறம் படக்குறிப்பைப் படியுங்கள். குறிப்பில்லாத படத்தைத் தயவுசெய்து யாருக்கும் அனுப்பாதீர்கள்.

டோரதியா லாங்கேயின் ‘புலம்பெயர்ந்த தாய்’ திருத்தப்பட்ட படமாமே? அப்படியானால் மோசடிதானே?

கலிபோர்னியாவில் ஒரு கூலித் தொழிலாளர் முகாமில், கூடாரத்தில் பிள்ளைகளோடு இருந்த ஓர் ஏழைத் தாயை லாங்கே எடுத்த படம் அது. கீழ் மூலையில் கூடாரக் கம்பத்தைப் பிடித்த ஒரு கட்டைவிரல் இருந்தது, பின்னாளில் அதை மங்கவைத்தார்கள். எனக்கும் பிடிக்கவில்லை, ஆனால் மோசடி என்பது அதிகம். அதைவிடப் பெரிய குறை, லாங்கே அந்தப் பெண்ணின் பெயரையே குறித்துக்கொள்ளவில்லை.

பெயர் கேட்காததெல்லாம் ஒரு குற்றமா? அந்தப் படம் எத்தனை பேருக்குச் சோறு போட்டது!

போட்டது, மறுக்கவில்லை. 1936இல் செய்தித்தாளில் படங்கள் வந்ததும் கலிபோர்னியாவின் அந்த முகாமுக்கு அரசு சுமார் 20,000 பவுண்டு உணவு அனுப்பியது. வந்து சேர்வதற்குள் அந்தத் தாயும் பிள்ளைகளும் வேறு ஊருக்குப் போய்விட்டார்கள். அவர் யார் என்று உலகம் அறிந்தது 1978இல். உலகமெல்லாம் பார்த்த முகம், அவருக்கு ஒரு காசு வரவில்லை என்ற கசப்பு அவரிடம் இருந்தது. அமெரிக்காவின் செரோக்கி பழங்குடியைச் சேர்ந்தவர் என்பதும் அதன் பிறகுதான் வெளியே வந்தது. குறிப்பு குறிப்பு என்று நான் கத்துவது இதனால்தான்.

அனுமதி கேட்டு எடுத்துவிட்டால் பிரச்சினை தீர்ந்ததா?

அங்கேயும் தீராது. ஜப்பானின் மினமாட்டாவில் ஆலைக் கழிவின் பாதரசத்தால் பிறவியிலேயே பாதிக்கப்பட்ட மகளைத் தாய் குளிப்பாட்டும் படத்தை யூஜின் ஸ்மித் 1971இல் எடுத்தார், தாயின் சம்மதத்தோடு. அந்த நோயை உலகுக்குக் காட்டிய படம் அது. 1977இல் மகள் இறந்தார். இனி அவள் ஓய்வெடுக்கட்டும் என்று பெற்றோர் விரும்ப, 1990களின் பிற்பகுதியில் படத்தின் உரிமை வைத்திருந்த, யூஜினின் மனைவியாக இருந்த ஐலீன் ஸ்மித் அதை இனி வெளியிடுவதில்லை என்று முடிவெடுத்தார். ஒருமுறை கொடுத்த சம்மதம் என்றைக்கும் செல்லும் என்று நினைப்பவர்கள் இதற்குப் பதில் சொல்லட்டும்.

அப்படியானால் அதை வெளியிட்டதே தவறு என்கிறீர்களா?

அப்படிச் சொல்லவே இல்லை. மறுபடி படியுங்கள்.

தொடக்க நிலைக்கு எந்த கேமரா?

மேலே பாருங்கள்.

கறுப்பு வெள்ளைதான் ஆவணத்துக்கு ஏற்றதா?

பழக்கம்தான், விதி இல்லை.

தெருவில் எடுக்கும் படங்களுக்குச் சட்டச் சிக்கல் வருமா?

வழக்கறிஞரிடம் கேளுங்கள். நாட்டுக்கு நாடு மாறும்.

ஹைனின் படங்களை எங்கே பார்ப்பது?

அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் இணையதளத்தில் 5,000க்கும் மேற்பட்டவை இலவசமாகக் கிடைக்கின்றன, அவருடைய குறிப்புகளோடு. வேகமாகத் தள்ளிக்கொண்டே போகாதீர்கள். ஒரு நாளைக்குப் பத்துப் படம் போதும்.