அதிகம் பேசாத பெண் ஓவிய டீச்சர் ஆகலாமா?

முதலியார்பேட்டையிலிருந்து ஓர் அம்மா வந்திருந்தார். மகள் பிளஸ் டூ முடித்து நீட் எழுதியிருக்கிறாள், மதிப்பெண் போதவில்லை. அவளுக்கோ ஓவிய டீச்சர் ஆகத்தான் ஆசை. கடலூரிலிருக்கும் பெரியப்பா, வீட்டை அடமானம் வைத்தாவது மேனேஜ்மென்ட் கோட்டாவில் டாக்டர் சீட் வாங்கிவிடலாம் என்கிறாராம். ஆறுதலாகத்தான் பேச ஆரம்பித்தேன். அடமானம் என்றதும் ஆறுதலை நிறுத்திவிட்டேன்.

வேண்டாம் அம்மா. தவணை கட்டப்போவது பெரியப்பா இல்லை. பயிற்சிக் காலத்தோடு சேர்த்து ஐந்தரை வருடம், விருப்பமில்லாத பெண் அந்தக் கடனையும் சேர்த்துச் சுமக்க வேண்டும். பி.காம்., நர்சிங், இன்ஜினியரிங் பற்றிச் சொல்ல உறவில் ஆட்கள் இருக்கிறார்கள், அதை விடுங்கள்.

அரியாங்குப்பத்தில் பாரதியார் பல்கலைக்கூடம் இருக்கிறதே, கடலூர் ரோட்டில் போகிற எவ்வளவோ பேர் அதை ஒரு கல்லூரியாகவே நினைப்பதில்லை. புதுச்சேரி அரசின் நிறுவனம், புதுவைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. நுண்கலையில் நான்கு வருடப் பட்டம் படிக்கலாம். வீட்டிலிருந்தே டவுன் பஸ்ஸில் போய் வரலாம், ஹாஸ்டல் செலவு மிச்சம். புதுச்சேரியில் கல்லூரிச் சேர்க்கையை நடத்துகிற சென்டாக்கின் அறிவிப்பு வரும்போது மருத்துவப் பட்டியலை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடாதீர்கள். அதுவரை அவள் தினமும் வரையட்டும். போட்டோவைப் பார்த்து நகல் எடுப்பது போதாது. சமையலறைப் பாத்திரம், கூனிமேட்டுப் படகு, பஸ்ஸுக்கு நிற்கிற ஆட்கள் என்று நேரில் பார்த்து வரைய வேண்டும்.

"யாரிடமும் பேசவே மாட்டாளே, கிளாஸ் எப்படி எடுப்பாள்?" என்று கேட்டீர்கள். வகுப்பில் குரல் எடுத்துப் பேசுவது பழக்கத்தில் வந்துவிடும். கடைசி பெஞ்சில் வாய் திறக்காத பிள்ளையைக் கவனிக்கிற கண், பழக்கி வருவது கஷ்டம். அது அவளிடம் இருக்கிறது. அப்படிப்பட்ட பிள்ளையிடம் "இது என்ன, யானையா?" என்று கேட்டால் இன்னும் சுருங்கிப்போகும். பக்கத்தில் உட்கார்ந்து, "இந்த நீலத்தை எப்படிக் கலந்தாய்?" என்று கேட்டால் ஒரு வார்த்தையாவது வரும். வில்லியனூர் சுடுமண் பொம்மைக்குப் புவிசார் குறியீடே உண்டு; அந்த மண்ணில் ஓர் உருண்டையைக் கையில் கொடுத்துவிட்டால், கை வேலையில் இருக்கும்போது வாய் தானாகத் திறக்கும். படத்துக்கு மார்க் போட்டு வரிசைப்படுத்தாமல் எல்லார் படத்தையும் சுவரில் ஒட்டுகிற டீச்சர் வேண்டும். ஆனால் படத்தை வைத்துப் பிள்ளைக்கு நோய் கண்டுபிடிக்கிற வேலை மட்டும் கூடாது. சந்தேகமிருந்தால் தலைமையாசிரியரிடம் சொல்ல வேண்டும்.

சம்பளத்தை மறைக்க மாட்டேன். 2012-இல் தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளுக்கு எடுத்த பகுதிநேர ஆசிரியர்களுக்கு ஆரம்பச் சம்பளம் மாதம் 5,000 ரூபாய்தான்; ஓவியம் எடுத்தவர்களும் அதில் சேர்த்தி. சின்னத் தனியார் பள்ளிகளில் நிலைமை சுமார்தான். தமிழ்நாட்டில் ஓவியத்துக்கு அரசுத் தொழில்நுட்பத் தேர்வில் லோயர், ஹயர் என்று இரண்டு நிலை உண்டு; ஓவியம் போன்ற பாடங்களுக்கான நிரந்தரச் சிறப்பாசிரியர் தேர்வு 2017-இல் நடந்ததுபோல எப்போதாவதுதான் வரும். அதனால் கேந்திரிய வித்யாலயா, காலாப்பட்டில் இருக்கும் நவோதயா மாதிரிப் பள்ளிகளின் அறிவிப்பையும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். கே.வி.யில் இந்தி ஓரளவு கேட்பார்கள், கற்றுக்கொள்ள நான்கு வருடம் இருக்கிறது. சனி, ஞாயிறு ஓவிய வகுப்பு எடுத்தால் கைச்செலவுக்கு ஆகும்.

கடன் இல்லாத வீட்டில் இருந்தால் இந்தச் சம்பளத்தில் தொடங்கலாம். அடமானம் வைத்த வீட்டில் இருந்தால் முடியாது. பத்திரம் பீரோவிலேயே இருக்கட்டும். பெரியப்பா மறுபடி கேட்டால் என்னிடம் பேசச் சொல்லுங்கள்.