பொறியா, எந்திரமா?

கேள்வி: புல்வெட்டும் மிஷின் பழுதுபார்க்கும் பட்டறை வைத்திருக்கிறேன். புதுப் பலகை எழுத வேண்டும். ‘எந்திரம்’ சினிமாக்காரர்கள் கொண்டுவந்த சொல், ‘இயந்திரம்’ வடமொழி, ‘பொறி’ என்று எழுதுவதே தமிழ் என்கிறார் நண்பர். இன்னொன்று: மகளின் அறிவியல் பாடத்தில் நெம்புகோலை எந்திரம் என்கிறார்கள். எஞ்சினே இல்லாத கம்பி எப்படி எந்திரமாகும்?
– வாசகர், சுங்கை சிப்புட், மலேசியா

பதில்: ‘பொறி பழுதுபார்க்கப்படும்’ என்று எழுதி வையுங்கள். செம்பனையில் எலித்தொல்லை தாங்காதவர்கள் உடைந்த எலிப்பொறியோடு முதல் ஆளாக வந்து நிற்பார்கள். பொறி நல்ல பழஞ்சொல்தான். சீவக சிந்தாமணியில் சீவகனின் தாய் விசயை தப்பிப் போவதே பறக்கும் மயிற்பொறியில்தான். ஆனால் தீப்பொறி, ஐம்பொறி, புலிப்பொறி என்று அந்த ஒரு சொல்லுக்குப் பல வேலை. துணைக்கு இன்னொரு சொல் இல்லாமல் பலகையில் அது தனியே நிற்காது.

‘எந்திரம்’ சினிமாச் சொல் என்பது சுத்த அபத்தம். ஐங்குறுநூற்றிலும் புறநானூற்றிலும் ‘கரும்பின் எந்திரம்’ வருகிறது. கரும்பு பிழியும் ஆலை அது. களிறு பிளிற, எதிர்க்குரல் கொடுக்கிறதாம். எந்திரம், இயந்திரம் இரண்டும் வடமொழி ‘யந்த்ர’விலிருந்து வந்தவை, அந்த மட்டில் நண்பர் சொன்னது சரி. ஆனால் எந்திரம் சங்கப் பாட்டிலேயே தமிழ் உருவம் எடுத்துவிட்டது. இயந்திரம் என்று எழுதினாலும் பிழையில்லை. யந்திரத்தை மட்டும் வாசல் நிலைக்கு மேலே மாட்டும் செப்புத் தகட்டுக்கு விட்டுவிடுங்கள்.

மகளின் பாடம் சரி, குழப்பம் உங்களுடையது. எஞ்சின் எரிபொருளை எரித்து விசையை உண்டாக்குவது. எந்திரம் அந்த விசையை, கையிலிருந்து வந்தாலும் எஞ்சினிலிருந்து வந்தாலும், வாங்கிக் கூட்டியோ திசை மாற்றியோ கொடுப்பது. 150 செ.மீ. கடப்பாரைக்கு நுனியிலிருந்து 15 செ.மீ. தள்ளி முட்டுக் கொடுங்கள். கைப்பக்கம் 135 செ.மீ., அதாவது 9 மடங்கு. நுனியில் 90 கிலோ பாரம் இருந்தால் 10 கிலோ அழுத்தமே போதும். ஆனால் பாரம் 1 செ.மீ. எழும்ப உங்கள் கை 9 செ.மீ. இறங்க வேண்டும், இனாம் ஒன்றுமில்லை. செம்பனைக் குலை வெட்டும் உளியும் எந்திரமே, அது ஆப்பு வகை. மழுங்கினால் முனை தடித்துவிடும், ஒரே குத்தில் அறுபட வேண்டிய காம்புக்கு மூன்று குத்து ஆகும். உறைந்த ரப்பர் பாலைத் தகடாக அழுத்திய பழைய உருளைகளைக் கையால்தான் சுற்றினார்கள். எஞ்சின் இல்லை என்பதற்காக அதை மிஷின் இல்லை என்று யார் சொன்னது?

பட்டறைக்காரருக்கு இந்த வேறுபாடு காசு விஷயம். முதுகில் மாட்டும் மிஷினைக் கொண்டுவந்து “எஞ்சின் போச்சு” என்பார்கள். எஞ்சின் நன்றாக உறுமி, பிளேடு மட்டும் சுற்றவில்லை என்றால் கார்ப்பரேட்டரில் கை வைக்காதீர்கள். எஞ்சினை நிறுத்தி, பிளக் கேப்பைக் கழற்றி, எஞ்சினின் சுழற்சியைப் பிளேடுக்குக் கொண்டுபோகும் வளையும் கேபிளை எஞ்சின் பக்கம் பிரித்துவிட்டு, கையுறையோடு பிளேடைச் சுற்றிப் பாருங்கள். கேபிளின் மறுமுனையும் சேர்ந்து சுற்றினால் கேபிள் நலம். எஞ்சினைக் கேபிளோடு இணைக்கும் கிளச் கட்டை தேய்ந்திருக்கும் அல்லது எண்ணெய் பட்டு வழுக்கும். சுற்றாவிட்டால் உள்கம்பி அறுந்திருக்கும், இல்லையேல் பிளேடு பக்கத்துப் பல்சக்கரம் போயிருக்கும். இரண்டுமே பெரும்பாலும் கிரீஸ் காட்டாமல் ஓட்டியதன் பலன். எந்திரம் பழுது, எஞ்சின் பழுதில்லை.

பலகையில் ‘புல்வெட்டும் எந்திரம் பழுதுபார்க்கப்படும்’ என்று எழுதுங்கள். ‘பழுது’க்குப் பின்னால் ‘ப்’ போடத் துடிக்கும் பெயின்டரைத் தடுத்துவிடுங்கள். ‘மெசின் ரும்புட்’ என்ற மலாய் வரி தமிழைவிடப் பெரிதாக இருக்க வேண்டும். ஊராட்சி மன்றத்தில் அனுமதி வாங்கிய பிறகு பெயின்ட் டப்பாவைத் திறக்கலாம்.