ஜனவரியில் புவெனஸ் ஐரிஸ்: நீங்கள் கேட்டவை, எனக்குத் தெரிந்தவை

அர்ஜென்டினாவின் தலைநகரில் ஒன்பது கோடைகளைக் கழித்தவள் நான். அங்கே சில வாரங்கள் தங்கப் போகிறவர்கள் கேட்ட கேள்விகளுக்கு இங்கே ஒன்றாகப் பதில் எழுதுகிறேன். ஊரை நேசித்து எழுதுகிறேன், அதனால் சில இடங்களில் நீளும்.

அக்கா, பள்ளி விடுமுறையை ஒட்டி மே மாதம் முழுக்க அங்கே தங்கலாம் என்று இருக்கிறோம். அங்கேயும் கோடை கொளுத்துமா? (திருச்சியிலிருந்து ஓர் ஆசிரியை)

மே மாதம் அங்கே இலையுதிர் காலம். பூமத்திய ரேகைக்குத் தெற்கே இருப்பதால் பருவங்கள் நமக்குத் தலைகீழ். கோடை என்றால் டிசம்பர், ஜனவரி, பிப்ரவரி. உங்களுக்கு மே மாதம்தான் கிடைக்கிறது என்றால் வருத்தப்படாதீர்கள், நடந்து சுற்ற அருமையான மாதம் அது. ஒரு ஸ்வெட்டர் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

கோடையில் போகிறவர்களுக்கு: ஜனவரியில் பகல் வெப்பம் சராசரியாக 30 டிகிரி, இரவில் 20 வரை இறங்கும். எண்ணைப் பார்த்தால் நமக்குச் சாதாரணம். ஆனால் காற்றில் ஈரம் அதிகம், சென்னைப் புழுக்கம் மாதிரியேதான். வெப்ப அலை வந்தால் சில நாள் 35-ஐத் தாண்டும். 2022 ஜனவரி 11 அன்று 41 டிகிரி தொட்டது, அன்றைக்கே நகரிலும் புறநகரிலும் லட்சக்கணக்கான வீடுகளில் மின்சாரம் போனது. அப்புறம் திடீரென்று இடி மழை அடித்து ஒரே மணி நேரத்தில் பத்து டிகிரி இறங்கும். பொழுது சாய இரவு எட்டு மணி தாண்டிவிடும்.

வேலையை மடிக்கணினியிலேயே பார்த்துக்கொண்டு ஜனவரி முழுக்கத் தங்கப் போகிறேன். எல்லாரும் பலேர்மோவில் வீடு எடு என்கிறார்கள். உங்கள் யோசனை? (பெங்களூரிலிருந்து ஒரு மென்பொருள்காரர்)

பலேர்மோ நல்ல பகுதிதான். மரங்கள், பூங்காக்கள், கஃபேக்கள் எல்லாம் உண்டு. ஆனால் அங்கே உங்களைச் சுற்றி உங்களைப் போன்ற வெளியூர்க்காரர்களே இருப்பார்கள். வாடகையும் கூடுதல். நகரம் 48 பகுதிகளாகப் பிரிந்திருக்கிறது, ஒவ்வொன்றையும் 'பாரியோ' என்பார்கள். ஒரு மாதம் இருக்கப் போகிறவருக்கு நான் சொல்வது வீஷா கிரெஸ்போ, அல்மாக்ரோ, கொலேஹியாலெஸ். காய்கறிக் கடைக்காரர் மூன்றாம் நாளே உங்களை அடையாளம் கண்டுகொள்ளும் பகுதிகள் இவை. சான் தெல்மோ பழைய அழகு நிறைந்தது. ஞாயிறு தோறும் தெஃபென்சா தெருவில் சந்தை கூடும். தங்குவதற்கு ஒரு வாரம் போதும். மிக்ரோசென்ட்ரோ என்னும் அலுவலகப் பகுதியில் வாடகை மலிவாகத் தெரியும், எடுக்காதீர்கள். மாலை ஏழுக்கு மேல் வெறிச்சோடிவிடும்.

பகுதியைவிட வீடு முக்கியம். விளம்பரத்தில் 'மோனோஅம்பியெந்தே' என்றிருந்தால் ஒரே அறை. 'இரண்டு அம்பியெந்தே' என்றால் ஒரு கூடமும் ஒரு படுக்கையறையும்தான், இரண்டு படுக்கையறை என்று எண்ணி ஏமாறாதீர்கள். 'அல் ஃப்ரெந்தே' என்றால் தெருவைப் பார்த்தது, 'கோன்த்ராஃப்ரெந்தே' என்றால் கட்டிடத்தின் பின்பக்கம் பார்த்தது. பேருந்துகள் இரவெல்லாம் ஓடும் ஊர் என்பதால் பின்பக்க வீடு கிடைத்தால் விடாதீர்கள். அடுத்து, படுக்கையறை எந்தத் திசை பார்த்தது என்று கேளுங்கள். மேற்கு என்றால் எட்டு மணி வரை சுவர் கொதிக்கும், அந்த வீடு வேண்டாம். ஏசி எந்த அறையில் இருக்கிறது என்றும் கேளுங்கள். பல வீடுகளில் கூடத்தில் மட்டும் ஒன்று இருக்கும், படத்தில் அது தெரியாது.

கடைசியாக ஒன்று, யாரும் கேட்காத கேள்வி: எத்தனையாவது மாடி? வெப்ப அலையின்போது மின்வெட்டு வரும். மின்சாரம் போனால் லிஃப்ட் நிற்கும், தண்ணீர் மோட்டாரும் நிற்கும். எனக்கு ஒரு ஜனவரியில் ஒன்பதாம் மாடியில் இரண்டரை நாள் அப்படிப் போனது. வாளியோடு படி ஏறி இறங்கினேன். அதற்குப் பிறகு மூன்றாம் மாடிக்கு மேல் நான் வீடு எடுத்ததில்லை.

ஜனவரியில் ஊரே காலியாகிவிடும் என்று படித்தேன். அப்படியென்றால் போய் என்ன பயன்? (அதே நண்பர்)

உண்மைதான். உள்ளூர்க்காரர்களில் வசதி உள்ளவர்கள் மார் தெல் பிளாத்தா போன்ற கடற்கரை ஊர்களுக்குப் போய்விடுவார்கள். சின்ன உணவகங்கள், தையல் கடை, சாவிக் கடை எல்லாம் கதவில் 'விடுமுறை' என்று சீட்டு ஒட்டிவிட்டுப் பூட்டியிருக்கும். கோலோன் அரங்கின் இசை, ஓபரா பருவமும் ஓய்ந்திருக்கும், கட்டிடத்தை மட்டும் சுற்றிப் பார்க்கலாம்.

ஆனால் எனக்கு அந்த மாதம் மிகவும் பிடிக்கும். தெருவில் நெரிசல் இல்லை, பேருந்தில் இடம் கிடைக்கும், வாடகைக்குப் பேரம் பேச முடியும். ஊர் இரவு நேரத்துக்கு மாறிவிடும். பத்து மணிக்குக் குடும்பங்கள் குழந்தைகளோடு ஐஸ்கிரீம் கடை வாசலில் நிற்கும். டாங்கோ ஆடும் 'மிலோங்கா'க்கள் சூடு பிடிக்கவே நள்ளிரவு ஆகும். நீங்களும் அதற்கேற்ப மாறுங்கள்: காலையில் வேலை, மதியம் தூக்கம், ஆறு மணிக்கு மேல் ஊர். மதிய வெயிலில் பார்க்க வேண்டிய இடங்களைப் பட்டியல் போட்டு ஓடுகிறவர்கள்தான் இந்த ஊரை வெறுத்துவிட்டுத் திரும்புகிறார்கள்.

பிப்ரவரி வரை தங்க முடிந்தால் கார்னிவல் பார்க்கலாம். வார இறுதி இரவுகளில் பாரியோத் தெருக்களை அடைத்துவிட்டு 'முர்கா' குழுக்கள் பெரிய தாளமும் துள்ளலுமாக வரும். பிள்ளைகள் நுரையைப் பீய்ச்சி அடிப்பார்கள், நல்ல சட்டை போட்டுப் போகாதீர்கள்.

அம்மா சுத்த சைவம், முட்டைகூடக் கிடையாது. மாட்டிறைச்சி ஊர் என்கிறார்களே, பட்டினி கிடப்பாரோ என்று பயமாக இருக்கிறது. (கும்பகோணத்திலிருந்து ஒரு மகள்)

பயப்படாதீர்கள் தங்கச்சி. மாட்டிறைச்சிக்குப் பேர்போன ஊரில் இத்தாலியர்களும் பெருந்திரளாக வந்து குடியேறினார்கள். அதனால் பீட்சாவுக்கும் பாஸ்தாவுக்கும் குறைவே இல்லை. வெங்காயமும் சீஸும் அடர்ந்த 'ஃபுகாசெத்தா' கேளுங்கள். அதன்மேல் 'ஃபைனா' வைத்துச் சாப்பிடுவது இந்த ஊர் வழக்கம். கொண்டைக்கடலை மாவில் சுட்ட அடை அது, உங்கள் அம்மாவுக்கு முதல் வாயிலேயே பிடித்துவிடும். மிளகு தூவிக்கொள்ளச் சொல்லுங்கள்.

மாவுக்குள் பூரணம் வைத்துச் சுடும் எம்பனாடாவில் சோளம் வைத்த 'உமிதா' சைவம்தான். ஆனால் மேல்மாவில் முட்டை தடவியிருப்பார்கள், மாவிலும் மாட்டுக் கொழுப்பு சேர்ப்பது அங்கே வழக்கம். அம்மாவுக்கு அது வேண்டாம். பாஸ்தாவில் முட்டை கலந்ததா என்று கேட்டு வாங்குங்கள், கடையில் பொட்டலமாக விற்கும் உலர் பாஸ்தாவில் முட்டை இல்லாதது எளிதாகக் கிடைக்கும்.

ஒரு எச்சரிக்கை. 'சின் கார்னே', அதாவது இறைச்சி இல்லாமல் என்று மட்டும் சொன்னால் பல இடங்களில் மாட்டிறைச்சி இல்லை என்றே புரிந்துகொள்வார்கள். கோழியோ, ஹாம் என்னும் பன்றி இறைச்சியோ வந்து நிற்கும். 'நி போஷோ, நி ஹமோன், நி ஹுவேவோ' என்று சேர்த்துச் சொல்லுங்கள்: கோழி வேண்டாம், ஹாம் வேண்டாம், முட்டை வேண்டாம்.

ஒரு மாதம் என்றால் வீட்டுச் சமையல்தான் சரி. அரிசி, மசூர் பருப்பு, கொண்டைக்கடலை எல்லாம் 'தியெதேதிகா' என்ற கடைகளில் நிறுத்து வாங்கலாம். பெல்கிரானோவின் சீனர் தெருவில் புளி, டோஃபு, மசாலா கிடைக்கும். லினியேர்ஸில் பொலிவியர்கள் நடத்தும் சந்தைக்கு ஒருமுறை போய்விட்டு வாருங்கள். கொத்தமல்லிக் கட்டு, உண்மையிலேயே காரமான மிளகாய், குவியல் குவியலாக மசாலாப் பொருள்கள். மற்ற இடங்களில் விற்கும் மிளகாயில் காரமே இருக்காது. சாம்பார்ப் பொடி, பெருங்காயம், சின்னக் குக்கர் ஊரிலிருந்து எடுத்துப் போங்கள். பச்சைக் காய், பழம், விதை கொண்டு போகாதீர்கள், விமான நிலையத்தில் பிடுங்கிவிடுவார்கள்.

இரவுச் சாப்பாட்டுக்கு உணவகங்கள் எட்டு மணிக்கு மேல்தான் திறக்கும். ஊரார் ஒன்பது, பத்துக்குத்தான் உட்காருவார்கள். அம்மாவுக்கு ஐந்து மணிக்கு ஏதாவது கொடுத்துவிடுங்கள். ஊராரும் அந்த நேரத்தில் காபியோடு சிற்றுண்டி சாப்பிடுவார்கள், 'மெரியெந்தா' என்று பெயர்.

பை நிறைய டாலர் கொண்டுபோய்த் தெருவில் மாற்றினால் இரண்டு மடங்கு கிடைக்கும் என்கிறார்களே? (சிங்கப்பூரிலிருந்து ஒருவர்)

அது பழைய கதை. 2022, 2023-இல் அதிகாரபூர்வ விலைக்கும் வெளிச்சந்தை விலைக்கும் பெரிய இடைவெளி இருந்தது. 2025 ஏப்ரலில் தனிநபர்களுக்கான நாணயக் கட்டுப்பாட்டைத் தளர்த்திய பிறகு இரண்டும் நெருங்கிவிட்டன. வெளிநாட்டு அட்டையைத் தைரியமாகப் பயன்படுத்துங்கள். ஏடிஎம் கட்டணம் மிக அதிகம், அதைத் தவிர்த்துவிடுங்கள். கையிருப்பாகக் கொஞ்சம் 100 டாலர் நோட்டு, மடிப்போ கிறுக்கலோ இல்லாமல் இருக்கட்டும், அழுக்கு நோட்டை வாங்க மாட்டார்கள். ஃப்ளோரிதா தெருவில் 'காம்பியோ, காம்பியோ' என்று கூவுகிறவர்கள் பின்னால் போக வேண்டாம். ஹோட்டலில் தங்கினால் வெளிநாட்டு அட்டையில் கட்டி, கடவுச்சீட்டைக் காட்டுங்கள். அறை வாடகைக்கு 21 சதவீத வரி கிடையாது.

தங்கச்சி, நாங்கள் கனடாவிலை இருந்து டிசம்பர் கடைசியிலை வாறம், குளிருக்குத் தப்பி. நத்தாருக்கு அங்கை நிக்கிறது நல்லதோ? (டொராண்டோவில் இருக்கும் யாழ்ப்பாணத்து அண்ணை)

நில்லுங்கோ அண்ணை, ஆனால் 23-ஆம் தேதியே சமைக்கத் தேவையானதை வாங்கி வைத்துவிடுங்கள். கிறிஸ்துமஸுக்கு முந்திய நாளான 24 பிற்பகலில் கடைகள் பூட்டத் தொடங்கும். மாலையில் பேருந்தும் சுரங்க ரயிலும் ஓய்ந்துவிடும். எல்லாரும் வீட்டில் குடும்பத்தோடு சாப்பிட உட்கார்ந்துவிடுவார்கள். நள்ளிரவு பன்னிரண்டுக்கு நகரம் முழுக்க வாணவேடிக்கை, மொட்டை மாடி இருக்கிற வீடாக எடுத்தால் கண்கொள்ளாக் காட்சி. 31 இரவும் அப்படியேதான்.

தனியாகப் போகும் பெண் நான். இரவு நேர ஊர் என்கிறீர்கள், பாதுகாப்பாக இருக்குமா? (சென்னையிலிருந்து)

நான் தனியாகத்தான் இருந்தேன். இரவு பன்னிரண்டுக்கும் வெளிச்சமும் ஆளும் உள்ள தெருவில் நடந்திருக்கிறேன். அங்கே பெரிய தொல்லை திருட்டு. முக்கியமாகக் கைப்பேசி. மோட்டார் சைக்கிளில் வந்து பறித்துக்கொண்டு போவார்கள், 'மோத்தோசோர்ரோ' என்று அதற்கு ஒரு சொல்லே இருக்கிறது. தெருவோரம் நின்று வரைபடம் பார்க்காதீர்கள், ஒரு கடைக்குள் நுழைந்து பாருங்கள். சட்டையில் ஏதோ சிந்திவிட்டது என்று யாராவது துடைக்க வந்தால் நிற்காமல் நடையைக் கட்டுங்கள், பணப்பையை அடிக்கிற வழி அது. லா போகாவின் வண்ண வீடுகளைப் பகலில் பார்த்துவிட்டு வெயில் சாயும் முன் திரும்பிவிடுங்கள். கோன்ஸ்தித்தூசியோன், ஓன்சே, ரெத்தீரோ ரயில் நிலையங்களைச் சுற்றி இரவில் நடக்க வேண்டாம்.

சுரங்க ரயில் இரவு பதினொன்று வாக்கில் நின்றுவிடும். 'கொலெக்திவோ' பேருந்து இரவெல்லாம் உண்டு. இரண்டுக்கும் சூபே அட்டை ஒன்றே போதும், பெட்டிக்கடையில் வாங்கலாம். பின்னிரவில் செயலி வழி டாக்ஸி. அவசரத்துக்கு 911, ஆம்புலன்ஸுக்கு 107.

எட்டு வயதுப் பையன் தண்ணீரைப் பார்த்தால் விடமாட்டான். பெரிய ஆறு இருக்கிறதே, குளிக்கலாமா? (கோவையிலிருந்து ஓர் அப்பா)

கூடாது. ரியோ தெ லா பிளாத்தா கடல் போல விரிந்து கிடக்கும், ஆனால் நகரக் கரையில் தண்ணீர் மாசுபட்டது. மொட்டை மாடியில் 'பிலேத்தா' உள்ள கட்டிடமாகத் தேடுங்கள், நீச்சல் குளத்தை அங்கே அப்படித்தான் சொல்வார்கள். ஒரு நாள் ரெத்தீரோவிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரம் போனால் திக்ரே. அங்கிருந்து பேருந்து போல ஓடும் மரப் படகில் ஏறி டெல்டா தீவுகளுக்குள் போங்கள். தபாலும் மளிகையும் படகில் வரும் வாழ்க்கையைப் பையன் பார்க்கட்டும். கொசு மருந்து கட்டாயம். 2024-இல் அர்ஜென்டினாவில் டெங்கு மிகப் பெரிதாகப் பரவியது, நகரத்துக்குள்ளும்கூடப் பூசிக்கொள்ளுங்கள்.

விசா, தடுப்பூசி? (பலர்)

இந்தியக் கடவுச்சீட்டுக்கு விசா வேண்டும். செல்லுபடியாகும் அமெரிக்க விசா வைத்திருப்பவர்களுக்கு 2025 ஆகஸ்டில் விதியை எளிதாக்கினார்கள். டிக்கெட் போடும் முன் தூதரகத்தில் உறுதி செய்துகொள்ளுங்கள். மருத்துவக் காப்பீடு இல்லாமல் கிளம்பாதீர்கள்.

தடுப்பூசியில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். உள்ளே போகும்போது அர்ஜென்டினா கேட்காது, திரும்பி வரும்போது இந்தியா கேட்கும். மஞ்சள் காய்ச்சல் உள்ள நாடுகள் என்று இந்தியா வைத்திருக்கும் பட்டியலில் அர்ஜென்டினாவும் பிரேசிலும் உண்டு. சான்றிதழ் இல்லாவிட்டால் ஆறு நாள் வரை தனிமையில் வைக்கலாம். ஊசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லும், பிறகு ஆயுளுக்கும் போதும். சென்னையில் கிண்டி கிங் ஆய்வகத்தில் போடுகிறார்கள்.

மொழி? சார்ஜர்? (மதுரையிலிருந்து)

ஸ்பானிஷ் கொஞ்சமாவது பழகுங்கள். 'காஷே', 'ஷோ' என்று காதில் விழுந்தால் குழம்ப வேண்டாம், மற்ற இடங்களில் 'ய' என்று கேட்டதை இங்கே 'ஷ' என்பார்கள். மின்சாரம் 220 வோல்ட், பிளக் ஆஸ்திரேலியாவில் உள்ளது போலச் சாய்ந்த தட்டைக் கம்பி, அடாப்டர் ஒன்று வாங்குங்கள்.

தாகூர் அங்கே தங்கியிருந்தாராமே, அந்த வீட்டைப் பார்க்க முடியுமா? (சேலத்திலிருந்து ஓர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்)

ஐயா, இதைக் கேட்டதற்கு மிக்க மகிழ்ச்சி. 1924-இல் பெரு நாட்டுக்குப் போகும் வழியில் உடம்புக்கு முடியாமல் தாகூர் இங்கே இறங்கினார். எழுத்தாளர் விக்தோரியா ஓகாம்போ, சான் இசித்ரோவில் ஆற்றைப் பார்த்த மிரால்ரியோ என்ற வீட்டில் அவரைத் தங்க வைத்தார். இரண்டு மாதங்களுக்குச் சற்றுக் குறைவாக இருந்தார். நவம்பர், டிசம்பர், அதாவது அங்கே கோடை தொடங்கும் காலம். அருகிலேயே ஓகாம்போவின் சொந்த வீடான வீஷா ஓகாம்போ இருக்கிறது. 1973-இல் அதை யுனெஸ்கோவுக்குக் கொடுத்துவிட்டார். அங்கே தோட்டத்தையும் அறைகளையும் பார்க்கலாம். திறந்திருக்கும் நாளை முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். ரெத்தீரோவில் திக்ரே போகும் அதே ரயிலில் ஏறி பெக்காரில் இறங்கினால் நடக்கிற தூரம்தான். ஐந்து மணிக்கு மேல் ஆற்றுக் காற்று மேலேறி வரும், பக்கத்து மேட்டிலிருந்து அந்தப் பழுப்பு நீரைக் கொஞ்ச நேரம் உட்கார்ந்து பாருங்கள்.