டிஸ்னிக்கு அம்மாவோடு போகிறீர்களா? ஸ்கூட்டரை பார்க் வாசலில் போய்த் தேடாதீர்கள்

கேள்வி: அம்மாவுக்கு 71 வயது. மதுரையிலிருந்து எங்களோடு இருக்க நியூஜெர்சி வந்திருக்கிறார். இரண்டு முழங்காலிலும் தேய்மானம். வீட்டுக்குள் நன்றாக நடப்பார், கடைக்குப் போனால் கால்மணி நேரத்தில் உட்கார இடம் தேடுவார். டிசம்பர் கடைசி வாரம் ஆர்லாண்டோ டிஸ்னிக்கு நான்கு நாள் போகிறோம், தங்குவதும் டிஸ்னி ஹோட்டலில்தான். உட்கார்ந்து ஓட்டும் பேட்டரி ஸ்கூட்டரை பார்க்கிலேயே வாடகைக்கு எடுக்கலாமா, வெளியில் எடுக்க வேண்டுமா? எங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒரு ஏஜென்ட் டிக்கெட், ஸ்கூட்டர், வரிசையில் நிற்காமல் போகும் மாற்றுத்திறனாளி பாஸ் மூன்றும் சேர்த்து ஒரே தொகை கேட்கிறார். நம்பலாமா? அம்மா சைக்கிள்கூட ஓட்டியதில்லை என்பதும் கவலையாக இருக்கிறது.

பதில்: வெளியில் எடுங்கள், ஹோட்டலுக்கே வரவழையுங்கள், வண்டி யாருடையதோ அவர்களிடமே நேராகப் பேசி எடுங்கள். அந்த ஏஜென்ட்டுக்கு ஒரு டாலர்கூடக் கொடுக்காதீர்கள். முதியவர்களுக்கு நடமாட்டக் கருவிகள் தேர்ந்து கொடுப்பதுதான் என் வேலை, விடுமுறைக் காலம் வந்தால் இதே கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

டிஸ்னி வேர்ல்டில் உள்ள நான்கு பார்க்கிலும் நுழைவாயில் பக்கத்திலேயே வாடகை நிலையம் உண்டு, பலகையில் இந்த ஸ்கூட்டரை இ.சி.வி. என்று போட்டிருக்கும். நாள் வாடகை 65 டாலர், திருப்பித் தரும் டெபாசிட் 20 டாலர். முன்பு 50 டாலராக இருந்தது. பணம்கூடப் பெரிய விஷயம் இல்லை. முன்பதிவு கிடையாது, முதலில் வருபவருக்கு முதலில், அவ்வளவுதான். நீங்கள் போவதோ வருடத்திலேயே கூட்டம் அதிகமான வாரம். குழந்தைகளை எழுப்பி, குளிக்க வைத்து, காலை உணவு முடித்து பத்தரை மணிக்குப் போய் நின்றால் வண்டி தீர்ந்துவிட்டது என்பார்கள், அதற்கு மேல் அவர்கள் செய்ய எதுவும் இல்லை. டிஸ்னியில் ராத்திரிச் சாப்பாட்டு மேஜையை 60 நாள் முன்னாலேயே பிடித்து வைக்கலாம். முழங்கால் வலிக்கும் ஒருவருக்கு ஒரு வண்டியை முந்தைய நாள்கூடப் பிடித்து வைக்க முடியாது. இத்தனை வருடமாக இதை ஏன் சரிசெய்யவில்லை என்று எனக்கு உண்மையிலேயே கோபம் வருகிறது.

அதைவிட முக்கியமானது, பார்க் வண்டி பார்க்கை விட்டு வெளியே வராது. அம்மாவின் நாளை நடந்து பாருங்கள். அறையிலிருந்து லிஃப்ட், லிஃப்டிலிருந்து பஸ் நிறுத்தம், பஸ்ஸிலிருந்து பாதுகாப்புச் சோதனை, அங்கிருந்து நுழைவாயில், அப்புறம்தான் வண்டி. ராத்திரி வாணவேடிக்கை முடிந்து கூட்டத்தோடு திரும்பும்போது, அதாவது அவருக்குக் கால் கடுத்துப்போய் ஒரு அடி எடுத்து வைக்க முடியாத நேரத்தில், வண்டியை வாசலில் ஒப்படைத்துவிட்டு பஸ் வரிசைவரை நடக்க வேண்டும். நான்கில் ஒன்றான மேஜிக் கிங்டம் பார்க்குக்குக் காரில் போனால் இன்னும் மோசம். கார் நிறுத்துமிடம் ஒரு பக்கம், பார்க் ஏரிக்கு அந்தப் பக்கம். மோனோரயிலோ படகோ பிடித்துப் போனால்தான் வாசலே வரும். ஒரே நாளில் இரண்டு பார்க் என்றால் முதல் பார்க்கில் வண்டியைத் திருப்பிக் கொடுத்து, ரசீதை அடுத்த பார்க்கில் காட்டி, அங்கே வண்டி இருந்தால் வாங்கிக்கொள்ளலாம். இருந்தால்.

வெளி நிறுவனத்தில் மூன்று நான்கு நாளுக்கு எடுத்தால் நாள் கணக்கில் பார்க்கைவிடக் குறைவாகத்தான் வரும். வண்டி முழு நேரமும் அம்மாவோடு இருக்கும், ராத்திரி அறையில் சாதாரண பிளக்கிலேயே சார்ஜ் போடலாம். டிஸ்னி பஸ்களில் ஏற்றலாம், மோனோரயிலிலும் ஏற்றலாம். 36 அங்குல அகலம், 52 அங்குல நீளத்துக்குள் இருந்தால் பார்க்கில் தடை இல்லை. மருத்துவர் சான்றிதழ் யாரும் கேட்க மாட்டார்கள், அமெரிக்கச் சட்டப்படி கேட்கவும் முடியாது. அதனால் ஊரில் எடுத்த எக்ஸ்ரேயை எல்லாம் தூக்கிக்கொண்டு அலைய வேண்டாம்.

ஒரு சிக்கல் இருக்கிறது. 2019 ஜூலையிலிருந்து டிஸ்னி ஹோட்டல்களில் ஒரு விதி. டிஸ்னியோடு ஒப்பந்தம் உள்ள ஒரு நிறுவனம் மட்டும்தான் வண்டியை, பெட்டிகளை வாங்கி வைக்கும் ஹோட்டல் பெல் சர்வீஸில் விட்டுவிட்டுப் போகலாம். மற்ற எல்லோரிடமும் நீங்களே நேரில் நின்று வாங்க வேண்டும், திருப்பிக் கொடுக்கும்போதும் நேரில் நிற்க வேண்டும். விமானம் தாமதமானால் டிரைவர் கிளம்பிவிடுவார். பாதுகாப்பு என்று காரணம் சொல்லப்படலாம், விளைவு என்னவோ வயதானவரை வைத்துக்கொண்டு லாபியில் காத்திருப்பதுதான். எனவே வண்டி வரும் நேரத்தை விமானம் இறங்கி மூன்று நான்கு மணி நேரம் கழித்து வையுங்கள், அந்த நேரத்தை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள், டிரைவரின் நேரடி எண்ணைக் கேளுங்கள்.

இனி ஏஜென்ட். அவர் விற்பதாகச் சொல்லும் பாஸ் என்று ஒன்று உலகத்தில் இல்லை. டிஸ்னியில் டி.ஏ.எஸ். என்ற வசதி உண்டு, ஆட்டிசம் போன்ற வளர்ச்சிக் குறைபாடு காரணமாக நெடுநேரம் வழக்கமான வரிசையில் காத்திருக்க முடியாதவர்களுக்கு என்று 2024 மே மாதம் அதை இறுக்கிவிட்டார்கள். முழங்கால் வலிக்கு அது கிடையாது. அது இலவசம், வேறு யாரும் உங்களுக்காக வாங்கித் தர முடியாது, சம்பந்தப்பட்டவரே வீடியோ அழைப்பில் வந்து பேச வேண்டும். பொய் சொன்னது தெரிந்தால் நிரந்தரத் தடை, வாங்கிய டிக்கெட்டுக்கும் பணம் வராது என்று டிஸ்னி எழுதியே வைத்திருக்கிறது. மாட்டினால் தடை விழுவது உங்கள் குடும்பத்துக்கு, ஏஜென்ட்டுக்கு அல்ல. இந்த வியாபாரம் புதிதும் இல்லை. மாற்றுத்திறனாளிகளை மணிக்கணக்கில் வாடகைக்கு அமர்த்தி வரிசையைத் தாண்டிய பணக்காரக் குடும்பங்களைப் பற்றி 2013-ல் நியூயார்க் பத்திரிகையில் செய்தி வந்தது. அந்த வருட அக்டோபரிலேயே பழைய முறையைத் தூக்கிவிட்டு இந்த டி.ஏ.எஸ். முறையைக் கொண்டுவந்தார்கள். ஏமாற்றியவர்கள் ஏமாற்றிவிட்டுப் போய்விட்டார்கள், உண்மையிலேயே முடியாதவர்கள் இன்றுவரை விளக்கம் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

பெரும்பாலும் இந்த ஏஜென்ட்டுகள் என்ன செய்கிறார்கள் என்றால், லைட்னிங் லேன் என்று, காசு கொடுத்தால் யாருக்கும் கிடைக்கும் விரைவு வரிசை வசதியை உங்கள் பெயரில் வாங்கி, மேலே ஒரு தொகை வைத்துத் தருகிறார்கள். அது வேண்டுமென்றால் நீங்களே டிஸ்னி செயலியில் வாங்கலாம். டிஸ்னி ஹோட்டலில் தங்குவதால் ஏழு நாள் முன்னதாகவே வாங்கலாம். டிக்கெட்டிலும் கவனம். யாரோ பாதி பயன்படுத்திய பல நாள் டிக்கெட்டின் மிச்ச நாட்களை விற்பது ஃப்ளோரிடாவில் சட்டப்படி குற்றம், வாசலில் விரல் வைக்கும்போது அது செல்லாமல் போகும்.

ஸ்கூட்டரும் அவருடையதாக இருக்காது. அவர் வேறு ஒருவரிடம் சொல்வார், அவர் இன்னொருவரிடம். ராத்திரி எட்டு மணிக்கு எப்காட் பார்க்கில் ஏரிக்கு அந்தக் கரையில் வண்டி நின்றுவிட்டால் யாருக்கு போன் செய்வீர்கள்? அந்த ஏரியைச் சுற்றும் பாதை மட்டும் 1.2 மைல். எனவே யாரிடம் பேசினாலும் முதலில் வண்டி உங்களுடையதா என்று கேளுங்கள். வழியில் நின்றால் மாற்று வண்டி எத்தனை மணி நேரத்தில் எந்த இடத்துக்கு வரும் என்று கேளுங்கள். அப்புறம் சேதக் காப்புக் கட்டணம் என்று நாளுக்குச் சில டாலர் சேர்ப்பார்களே, அதில் திருட்டும் சார்ஜர் தொலைவதும் அடங்குமா என்று கேளுங்கள், பல இடங்களில் அடங்காது. பணத்தை கிரெடிட் கார்டில் மட்டும் கட்டுங்கள். ஜெல் (Zelle) என்ற பணம் அனுப்பும் வசதியில் அனுப்பச் சொன்னால் பேச்சை அதோடு முடித்துக்கொள்ளுங்கள், அதில் போன பணத்தைத் திரும்ப வாங்குவது மிகக் கடினம்.

சரி, அம்மா ஓட்டுவாரா? ஓட்டுவார். நீங்கள் இருக்கும் ஊரிலேயே இலவசமாகப் பார்த்துவிடலாம். வால்மார்ட், காஸ்ட்கோ போன்ற பெரிய கடைகளில் வாசலிலேயே கூடை வைத்த பேட்டரி வண்டிகள் நிற்கும். கூட்டம் இல்லாத வார நாள் காலையில் அழைத்துப்போய் அரிசி, பால் வாங்க அதில் உட்கார வையுங்கள். வாடகை ஸ்கூட்டரும் ஏறக்குறைய இப்படித்தான், கைப்பிடிக்கு அடியில் ஒரு நெம்புகோல், அழுத்தினால் போகும், விட்டால் தானே நின்றுவிடும், தனியாக பிரேக் பிடிக்கத் தேவையில்லை. ஆமை, முயல் படம் போட்ட ஒரு திருகு இருக்கும், அதை ஆமைப் பக்கம் திருப்பி அங்கேயே விட்டுவிடுங்கள். முதல் தடவை ஓட்டுபவர்கள் எல்லோரும் பயத்தில் நெம்புகோலை இன்னும் இறுக்கிப் பிடிப்பார்கள், வண்டி முன்னால் பாயும். பயந்தால் கையை எடு என்பது ஒன்றை மட்டும் பத்து தடவை சொல்லிப் பழக்குங்கள்.

கடையில் பார்த்த பிறகும் கையை விட மறக்கிறார், திரும்பும்போது அலமாரியில் இடிக்கிறார், இடப்பக்கம் வருபவரைக் கவனிக்கவில்லை என்றால் ஸ்கூட்டர் வேண்டாம், இதில் பிடிவாதம் கூடாது. கண்புரை இருந்து அறுவை சிகிச்சை ஆகவில்லை என்றாலும், தலைசுற்றல் மாத்திரை சாப்பிடுகிறார் என்றாலும், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கண் சொக்கும் என்றாலும் இதே பதில்தான். கால் நன்றாக இருக்கிறதா என்பதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. காலுக்காகத்தான் வண்டி எடுக்கிறோம், ஆனால் ஓட்டுவது கண்ணும் கையும் கவனமும். பார்க்கில் முன்னால் போகும் குழந்தை சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடும், அந்தக் குழந்தையின் கணுக்காலில் இந்த வண்டி ஏறினால் எலும்பு முறியும். அப்படிப்பட்டவருக்குத் தள்ளும் சக்கர நாற்காலி எடுங்கள், பார்க்கில் நாளுக்கு 12 டாலர்தான், அல்லது அதையும் வெளியிலிருந்து ஹோட்டலுக்கு வரவழையுங்கள். தள்ள இரண்டு பேர் மாற்றி மாற்றி இருந்தால் போதும். அம்மா நான் ஓட்டுவேன் என்று சொன்னாலும், நீங்கள் தள்ளச் சோம்பல்படுகிறீர்கள் என்று உறவினர் சொன்னாலும், கடையில் நீங்கள் கண்ணால் பார்த்ததை நம்புங்கள்.

ஓட்டுகிறார் என்றால் அடுத்தது உடை. சேலை கட்டினால் கொசுவமும் முந்தானையும் முன்சக்கரத்தில் மாட்டும், நீளமான துப்பட்டாவும் அப்படித்தான். சுடிதார் போட்டு துப்பட்டாவை வீட்டில் விட்டுவிடச் சொல்லுங்கள். சேலைதான் என்றால் முந்தானையைச் சுற்றிச் செருகி, கொசுவத்தைக் கணுக்காலுக்கு மேலே தூக்கிக் கட்டிக்கொள்ளட்டும். பேரனை மடியில் உட்கார வைக்கக் கூடாது, விதியும் அதுதான், நெம்புகோலைக் குழந்தை தொட்டால் என்ன ஆகும் என்றும் யோசியுங்கள். மேஜிக் கிங்டமின் முதல் தெருவில் குதிரை வண்டித் தண்டவாளம் தரையோடு பதிந்திருக்கும், சின்னச் சக்கரம் அதில் இறங்கினால் வண்டி சாயும், நேர் குறுக்காகக் கடக்கச் சொல்லுங்கள். மூன்று சக்கர வண்டி சுலபமாகத் திரும்பும், ஆனால் சாயும். புதியவருக்கு நான்கு சக்கரம் கேளுங்கள்.

பஸ்ஸில் ஏறும்போது மட்டும் அம்மாவை இறக்கி, நீங்களே ஓட்டி உள்ளே நிறுத்துங்கள். டிரைவர் பட்டை போட்டுக் கட்டுவார், உங்களுக்காக ஓட்டித் தர மாட்டார். மழை வந்தால் கைப்பிடிப் பகுதியை ஒரு பிளாஸ்டிக் பையால் மூடிக் கட்டுங்கள், மின்சுற்றெல்லாம் அங்கேதான். வெளியே நிறுத்தும்போது சாவியை எடுத்துவிடுங்கள், ஆனால் அதை மட்டும் நம்பாதீர்கள். ஒரே மாடல் வண்டிகளில் ஒன்றின் சாவி இன்னொன்றுக்கும் சேர்வது சகஜம், தெரியாமலேயே வேறொருவர் ஓட்டிக்கொண்டு போய்விடுவார். கூடையில் பளிச்சென்ற ஒரு ரிப்பனோ பழைய துணியோ கட்டி வையுங்கள். பின்பக்கம் வண்டியைத் தள்ளுவதற்கு என்று ஒரு நெம்புகோல் இருக்கும், அதைப் போட்டால் பிரேக் வேலை செய்யாது, சரிவில் அதைத் தொடவே கூடாது.

சவாரிகளில் பெரும்பாலும் ஸ்கூட்டரோடு ஏற முடியாது, ஸ்கூட்டரை விட்டு இறங்கித்தான் ஏற வேண்டும். ஃபெஸ்டிவல் ஆஃப் தி லயன் கிங் போன்ற மேடை நிகழ்ச்சிகளில் உட்கார்ந்தபடியே பார்க்கலாம். பைரேட்ஸ் ஆஃப் தி கரீபியன் என்ற படகுச் சவாரியில் படி இறங்கி ஏற வேண்டும், ஹான்டட் மேன்ஷன் என்ற பேய் வீட்டுச் சவாரியில் நகரும் பட்டையில் கால் வைக்க வேண்டும். அம்மாவின் முழங்காலுக்கு எது முடியும் என்பதை வாசலில் நிற்கும் ஊழியரிடம் ஒவ்வொன்றுக்கும் கேட்டுவிட்டுப் போங்கள்.

கடைசி நாள் விமானம் எத்தனை மணிக்கு என்று பார்த்து, வண்டியை ஒப்படைக்கும் நேரத்தை முன்பதிவின்போதே பேசிவிடுங்கள். காலை விமானமென்றால் முந்தைய ராத்திரியே கொடுத்துவிடுவது நல்லது. கொடுக்கும்போது சார்ஜர், சாவி, கூடை எல்லாம் சேர்த்து வண்டியை நான்கு பக்கமும் போட்டோ எடுத்து, டிரைவர் பெற்றுக்கொண்டதாக ஒரு மெசேஜ் வாங்கிக்கொள்ளுங்கள். விமான நிலையத்தில் சக்கர நாற்காலியை விமான நிறுவனம் இலவசமாகவே தரும், டிக்கெட் எடுக்கும்போதே அதைக் கேட்டு வையுங்கள்.