லாவெண்டர் வாசனை தலைவலிக்கு உதவுமா?

கேள்வி: எனக்கு வயது 34. நாள் முழுக்க கணினி முன்னால்தான் வேலை. மாலையானால் நெற்றியைச் சுற்றிக் கயிறு போட்டு இறுக்கியதுபோல் வலி. வாரத்தில் நான்கைந்து நாள் பாராசிட்டமால் போடுகிறேன். தோழி ஒருத்தி லாவெண்டர் எண்ணெய் கொடுத்திருக்கிறாள். நெற்றியில் தடவலாமா? தேநீரில் ஒரு சொட்டு விட்டுக் குடிக்கவும் சொல்கிறாள்.

பதில்: குடிக்காதீர்கள். செடியிலிருந்து வந்ததுதானே என்று தோன்றும். ஆனால் அந்தக் குப்பியில் இருப்பது பூக்களை ஆவியில் வடித்தெடுத்த, மிகவும் செறிவான எண்ணெய். குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள்.

முகர்ந்து பார்க்கலாம், தவறில்லை. ஒற்றைத் தலைவலி உள்ள 47 பேரிடம் ஈரானில் நடந்த ஓர் ஆய்வு 2012-இல் வெளியானது. வலி வந்ததும் 15 நிமிடம் லாவெண்டரை முகர்ந்தவர்களுக்கு, 129 முறை வந்த வலியில் 92 முறை முழுதாகவோ ஓரளவோ குறைந்தது. ஒப்பிட்டுப் பார்க்க வாசனையில்லாத பாரஃபின் எண்ணெயை முகர்ந்தவர்களுக்கு 68-இல் 32 முறை. சின்ன ஆய்வுதான். தவிர, நீங்கள் சொல்வதைப் பார்த்தால் உங்களுடையது ஒற்றைத் தலைவலி அல்ல, இறுக்கத் தலைவலி. அதற்கும் மனமும் கழுத்துத் தசையும் தளர்வது நல்லதுதான்.

கைக்குட்டையில் இரண்டு சொட்டு விட்டு, வெளிச்சம் குறைந்த அறையில் கண்ணை மூடிக் கால்மணி நேரம் உட்காருங்கள். திரையை விட்டு விலகும் அந்தக் கால்மணி நேரமே பாதி மருந்து என்பேன். தடவுவதானால் 10 மி.லி. பாதாம் எண்ணெயில் நான்கு சொட்டுக்கு மேல் வேண்டாம். முதலில் முன்கையின் உட்புறத்தில் தடவி ஒரு நாள் பாருங்கள். மூடியை இறுக்கி வையுங்கள். காற்றுப் பட்டால் லாவெண்டர் எண்ணெயிலுள்ள லினலூல் என்ற வாசனைப் பொருள் ஒவ்வாமை தரும் பொருளாக மாறும். ஆஸ்துமா இருந்தாலோ, வாசனையே தலைவலியைக் கிளப்பினாலோ இதைத் தொடவே வேண்டாம்.

எனக்குக் கவலை தருவது உங்கள் மாத்திரைக் கணக்கு. வாரத்துக்கு நான்கைந்து நாள் என்றால் மாதத்தில் 15 நாளைத் தாண்டுகிறது. மாதக்கணக்கில் இப்படிப் போனால் வலியைத் தீர்க்கப் போட்ட மாத்திரையே வலியை வளர்க்கும். இன்றிலிருந்து ஒரு மாதம், வலி வந்த நாளையும் மாத்திரை போட்ட நாளையும் நாட்காட்டியில் குறித்து உங்கள் மருத்துவரிடம் காட்டுங்கள். கண் பரிசோதனையும் செய்துகொள்ளுங்கள்.

இடி விழுந்ததுபோல் திடீரென்று உச்சத்துக்குப் போகும் வலி, காய்ச்சலோடு கழுத்து விறைப்பு, கை கால் பலவீனம், பேச்சுக் குழறல், தலையில் அடிபட்ட பின் வலி என்றால் எண்ணெயைத் தேடாமல் உடனே அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.